கரிஞ்ச அடியோட வந்த 5 கிழங்கு: அபூர்வ குடுவைச் செடி ஒண்ணை வாங்கினதுல நடந்தது

இதுல வர்ற யாரோட பேரும் போடல, எந்தத் தளத்துல வாங்கினதுன்னும் போடல. செடியை வாங்கினவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். நானும் இதுல ஒரு ஆள், நான் சொன்ன ரெண்டு தப்பான ஆலோசனையும் கீழ அப்படியே இருக்கு. கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் போட்டோவும் தேதியும் இருந்ததால நடந்த வரிசையிலேயே எழுத முடிஞ்சுது.

பின்னணி

நம்ம ஊர்ல பிச்சர் பிளான்ட்னா மேகாலயாவுல இருக்கிற நெப்பந்தஸ் காசியானாவோ இலங்கையில இருக்கிறதோதான் ஞாபகம் வரும், இலை நுனியில இருந்து குடுவை தொங்குமே அது. இந்தக் கதையில வர்றது வேற, சரசீனியாங்கிற வகை. சரசீனியா வட அமெரிக்காவுல மட்டும்தான் இயற்கையா வளருது, பெரும்பாலான இனங்கள்ல இலையே குழாய் மாதிரி சுருண்டு தரையில இருந்து நேரா எழும்பி நிக்கும், மேல ஒரு மூடி, உள்ள விழுந்த பூச்சி ஏற முடியாது. சத்து இல்லாத ஈர மண்ணு, நாள் முழுக்க வெயில், உப்பு இல்லாத தண்ணி, குளிர்காலத்துல மூணு நாலு மாசத் தூக்கம், இவ்வளவுதான் அதுக்கு வேணும், ஆனா இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ரெண்டு வருஷத்துல போயிடும்.

செடியை வாங்கினவர் அட்லாண்டா பக்கம் இருக்கிற நம்ம ஊர்க்காரர், என்னை அண்ணான்னு கூப்பிடுவார், அதனால இங்க தம்பின்னே எழுதுறேன். ஆறு வருஷமா வளர்க்கிறார், வீட்டுப் பின்னாடி டெக்குல ஒரு 40 தொட்டி. ஃபிளாவா, லூக்கோஃபில்லா, மைனர், சிட்டசினான்னு சரசீனியாவோட இனங்கள், அலாட்டாவும் சேர்த்து எல்லாம் நல்லாவே வந்திருந்துச்சு. மழைத்தண்ணி பிடிக்க டிரம் வச்சிருந்தார், கையில தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், 50க்கு மேல காட்டினா அந்தத் தண்ணியைத் தொட மாட்டார். புதுசா வர்ற பசங்க பண்ற தப்பு எதுவும் இவர் பண்ணலன்னு சொல்லத்தான் இதெல்லாம் எழுதுறேன், தொட்டி வேலை தெரிஞ்ச ஆள்தான்.

பிப்ரவரி கடைசியில ஒரு ஆன்லைன் விளம்பரம் பார்த்தார். "பச்சை ஃபிளாவா, மலைப்பக்கத்துது, தாத்தா காலத்துல இருந்து எங்க நிலத்துல இருக்கு", 5 கிழங்கு சேர்த்து 180 டாலர், அலபாமாவுல இருந்து தபால்ல வரும். தம்பி வாங்கிட்டார். அப்ப உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சாம், கேட்டா கிடைக்காமப் போயிடுமோன்னு கேக்கல, இதை ரொம்ப நாள் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னார். நான் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், சேகரிக்கிற எல்லாருக்கும் அந்த ஒரு நிமிஷம் தெரியும்.

மார்ச்: பார்சல் வந்த நாள்

ஈர நியூஸ்பேப்பர்ல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வந்துச்சு. தம்பி சமையல்கட்டு மேடையில பரப்பி 11 போட்டோ எடுத்து அனுப்பினார். தொட்டியில வளர்ந்த சரசீனியா கிழங்கு சுவர்ல முட்டி வளைஞ்சிருக்கும், கச்சிதமா இருக்கும். இது அப்படி இல்ல, பெரிய இஞ்சி மாதிரி கிளை விட்டு நீட்டமா, கட்டைவிரல் தடிமன்ல, ரெண்டு பக்கமும் பழைய இலை அடி வரிசையா. வேருக்கு நடுவுல மஞ்சளா மணல் கலந்த களிமண்ணு ஒட்டியிருந்துச்சு, கூடவே ஏதோ ஒரு புல்லோட வேர். பீட்ல, அதாவது தொட்டிக்குப் போடுற மக்கின பாசியில, வளர்த்தவன் செடியில களிமண்ணு எப்படி வரும்னு அன்னிக்கே கேட்டிருக்கணும்.

அதைவிட முக்கியமானது ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பழைய இலை அடியெல்லாம் நுனியில கருப்பு, விறகடுப்புல பாதி எரிஞ்சு அணைஞ்ச சுள்ளி மாதிரி. தம்பி விரலால தேய்ச்சுப் பார்த்து, விரல்ல கரி ஒட்டினதை ஒரு போட்டோ எடுத்து, "அண்ணா இது அழுகலா?"ன்னு கேட்டார். நான் ஆபீஸ்ல இருந்தேன், போட்டோவைப் பெருசு பண்ணிக்கூட பார்க்கல, "பழைய இலைதான், நறுக்கிட்டு நடுங்க"ன்னு வாட்ஸாப்ல போட்டேன். அழுகல் ஈரமா வழவழன்னு இருக்கும், நாறும், விரல்ல பொடியா ஒட்டாது. எனக்கு இது தெரியாத விஷயம் இல்ல.

பாதி பீட் பாதி பெர்லைட், 8 இன்ச் தொட்டி, தட்டுல ஒரு இன்ச் மழைத்தண்ணி, முழு வெயில். மத்த தொட்டிங்களோடயே வரிசையில வச்சுட்டார், தனியா வைக்கல.

ஏப்ரல், மே: பூவும் குடுவையும்

ஏப்ரல் நடுவுல 5ல 3 பூத்துச்சு. சரசீனியா பூ கவுத்து வச்ச குடை மாதிரி தொங்கும், இதுல இதழ் மஞ்சள். ஃபிளாவா பூத்திருக்கிற இடத்துல நின்னவங்களுக்கு அந்த வாடை மறக்காது, பூனை மூத்திர நாத்தம். தம்பியோட பழைய ஃபிளாவா தொட்டிகிட்ட அது குப்புன்னு அடிச்சுது, புதுசுல இல்ல. அதையும் அவர் கவனிச்சு எனக்கு மெசேஜ் போட்டிருக்கார், "இதுக்கு வாசனையே இல்ல, நல்லதாப் போச்சு"ன்னு. நானும் ஒரு ஸ்மைலி போட்டிருக்கேன்.

பூவுக்கு வலை கட்டல. சரசீனியாவுல எந்த இனமும் எந்த இனத்தோடயும் சேர்ந்துடும், பிறக்கிற கலப்பும் மலடு இல்ல. பக்கத்துலயே ஃபிளாவாவும் அலாட்டாவும் பூத்திருந்துச்சு, பம்பிள் பீ நாள் முழுக்க சுத்திட்டு இருந்துச்சு, அதனால அந்த வருஷம் பிடிச்ச விதை எதோட பிள்ளைன்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்ப இது பெரிய விஷயமாத் தெரியல.

மே கடைசியில ஒரு தொட்டியில நடுக்குருத்து சாய்ஞ்சுது, அடியில மரத்தூள் மாதிரி ஆரஞ்சு பழுப்புல குவிஞ்சிருந்துச்சு. இது பப்பைப்பீமா அப்பேஷனேட்டாங்கிற அந்துப்பூச்சியோட புழு, சரசீனியா கிழங்கைத் துளைச்சு உள்ளேயே இருந்து தின்னும். இலையுதிர் காலத்துல செடி பக்கத்துல முட்டை வைக்கும், முட்டையாவே குளிரைத் தாண்டி வசந்தத்துல பொரிக்கும், அதாவது இது வரும்போதே அந்தப் பழைய இலைக் குப்பையோட வந்திருக்கணும்னுதான் நினைக்கிறேன். தம்பி ஆறு வருஷத்துல இந்தப் புழுவைப் பார்த்ததே இல்ல. கிழங்கைப் பிளந்தப்ப உள்ள வெறும் கூடு. அது போச்சு, மிச்சம் 4. மத்த தொட்டிகளுக்குப் பரவல, அதுக்கு எங்க திறமை எதுவும் காரணம் இல்ல.

ஜூலை: தப்பான முடிவு

ஜூலை ரெண்டாம் வாரம். பக்கத்துல லூக்கோஃபில்லாவும் ஃபிளாவாவும் பச்சையா நிக்குது, இந்த 4 மட்டும் குடுவை மேல இருந்து கீழ பழுப்பா காயுது, பத்து நாள்ல பாதி போயிடுச்சு. புதுசா வர்ற இலையும் குழாயா வரல, தட்டையா, கோணலா வளைஞ்சு வருது. தம்பி போன் பண்ணி, "அண்ணா நாலும் சாகுது, என்ன பண்றதுன்னே தெரியல"ன்னார். நான் வெளியூர்ல இருந்தேன். பார்க்காமலே சொன்னேன், மறுபடி புழுவா இருக்கும், இல்ல அடி அழுகலா இருக்கும், தொட்டியைக் கவுத்துப் பாருங்கன்னு. என்னோட ரெண்டாவது தப்பு இது, இதுதான் பெருசு.

வெளியில 35 டிகிரி. நாலையும் கவுத்தார். கிழங்கு கல்லு மாதிரி கெட்டியா, வெட்டின இடத்துல வெள்ளையா இருந்துச்சு, புழு இல்ல, அழுகல் இல்ல. அங்கேயே நிறுத்தி அப்படியே திரும்ப வச்சிருந்தாக்கூட பொழைச்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா பயத்துல வேரை அலசி, புது பீட் மாத்தி, அந்தக் கோணல் இலையெல்லாம் நோய்னு நினைச்சு அடியோட வெட்டி, நிழல் வலைக்குக் கீழ வச்சு, தட்டுல தண்ணியையும் கூட்டிட்டார். உறங்கப் போற செடிக்கு வேரும் அறுந்து, இலையும் போய், வெயிலும் இல்லாம, கழுத்து வரைக்கும் தண்ணி. மூணே வாரத்துல ரெண்டு கிழங்கு குருத்துல இருந்து கூழாப் போயிடுச்சு.

ஆகஸ்ட்: என்ன செடின்னு தெரிஞ்சது

நான் போனப்ப வெட்டின இலைங்க ஒரு பழைய பெயின்ட் வாளியில காய்ஞ்சு கிடந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். தட்டையா, அரை முழத்துக்கும் கம்மி, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி ஒரே பக்கமா வளைவு. ஃபிளாவாவும் தட்டை இலை விடும், ஆனா கோடை முடியிறப்ப விடும், நேரா வாள் மாதிரி இருக்கும். இந்த அரிவாள் வளைவு, அதுவும் ஜூலையிலேயே குடுவை காய்ஞ்சு இப்படி இலை விடுறது, ஓரியோஃபில்லா. அதுக்கு இது நோயே இல்ல, அதோட வழக்கம். கோடையில ஈரம் குறையிற மலையில வளர்ற செடி, குடுவையைக் காய விட்டுட்டு தட்டை இலையில வெயிலை வாங்கிக் கிழங்குல சேர்த்து வச்சுக்கும். நாங்க வெட்டிப் போட்டது அதோட அடுத்த வருஷச் சாப்பாட்டை.

சரசீனியா ஓரியோஃபில்லா, பச்சைக் குடுவைச் செடி. வடகிழக்கு அலபாமாவுல சாண்ட் மவுண்டன், லுக்அவுட் மவுண்டன் பக்கம், ஜார்ஜியாவுலயும் வட கரோலினாவுலயும் ஒரு மூலை, மொத்தமா 40க்கும் குறைவான இடங்கள். அமெரிக்காவோட அழியும் உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்ல 1979லேயே ஏறியது. சரசீனியாவுல இதுவும், 1988ல சேர்ந்த ஜோன்சியும் 1989ல சேர்ந்த அலபாமென்சிஸும்தான் அந்தப் பட்டியல்ல இருக்கிறது. அனுமதி இல்லாம இதை மாநிலம் தாண்டி விக்கிறது மத்தியச் சட்டப்படி குற்றம். அழியிற உயிரினங்களோட சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துலயும் மூணும் ரொம்பக் கடுமையான முதல் அட்டவணை, அதனால வெளிநாட்டுல இருந்து "விதையாவது அனுப்புங்க"ன்னு கேக்கிறவங்களுக்கும் பதில் இதுதான், விதைக்கும் அதே கட்டுப்பாடு.

ஃபிளாவா கடலோரச் சமவெளிச் செடி, வடக்கு அலபாமா மலையில அது இயற்கையா கிடையாது. "மலைப்பக்கத்து ஃபிளாவா"ங்கிற வார்த்தையிலேயே பொய் இருந்திருக்கு.

டெக்குல உக்காந்து மார்ச் மாச போட்டோவை திரும்ப ஒண்ணொண்ணா பார்த்தோம். இஞ்சி மாதிரி கிழங்கு, களிமண்ணு, புல் வேர். அப்புறம் தம்பியோட விரல்ல ஒட்டின கரி. இந்தச் செடிக்கு நெருப்பு வேணும், நெருப்பு இல்லன்னா புதரும் மரமும் மூடி வெயிலை மறைச்சு ஈரத்தையும் உறிஞ்சிடும், குருத்து தரையோட தரையா இருக்கிறதால தீ மேல ஓடினாலும் கிழங்கு பொழைச்சுத் திரும்பத் துளிர்க்கும். அதனால மிச்சம் இருக்கிற இடங்களைப் பார்த்துக்கிறவங்க அளவா தீ வச்சு எரிப்பாங்க. தொட்டியில வளர்ந்த செடிக்கு யாரும் தீ வைக்கிறதில்ல. தாத்தா நிலமோ என்னமோ, காட்டுல இருந்து தோண்டினது. அதுலயும், யாரோ இதைக் காப்பாத்தணும்னு வச்ச தீயோட அடையாளமாவே அந்தக் கரி இருக்கலாம்னு தோணினப்ப ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

என்ன பண்றதுன்னு யோசிச்சது

பேசாம வச்சுக்கலாம்னு ஒரு வழி. பொழைச்சிருக்கிற ரெண்டையும் நல்லாப் பார்த்துக்கத் தெரியும், யாருக்கும் தெரியப் போறதில்ல. தம்பி அதை ஒரு தடவைகூட சொல்லலன்னு எழுத மாட்டேன், சொன்னார், ரெண்டு நாள் கழிச்சு அவரே வேண்டாம்னுட்டார். காரணம் அந்த விளம்பரம் அப்பவும் இருந்துச்சு, அதே ஆள் அடுத்த வசந்தத்துக்கும் ஆர்டர் எடுத்துட்டு இருந்தார்.

காட்டுலயே கொண்டு போய் நட்டுடலாம்னு இன்னொண்ணு. கேக்க நல்லா இருக்கும், ஆனா எந்த இடத்துல இருந்து வந்துச்சுன்னு தெரியாது. ஒவ்வொரு மலைச் சரிவுலயும் அதோட தனி வம்சம் இருக்கு, 40 இடம்கூட இல்லாத செடியில தப்பான வம்சத்தைக் கலக்கிறதும், நம்ம தொட்டியில இருந்த பூஞ்சை, பூச்சி, களையைக் கொண்டு போய் விடறதும் தோண்டினதை விட மோசமாகக்கூடும். விக்கிறவருக்கே திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிறதுன்னா மாநிலம் தாண்டி மறுபடி ஒரு பயணம், அதுக்கப்புறம் அவர் அதை இன்னொருத்தருக்கு விப்பார்.

மிச்சம் ஒண்ணுதான், சொல்லிடறது. அதுல தம்பிக்கு நிஜமான பயம் இருந்துச்சு. எச்1பியில இருக்கிற ஆள், கிரீன் கார்டு வரிசையில நிக்கிறார், சின்னப் பொண்ணு ஸ்கூல் போகுது, போலீஸ் கேஸ்னு ஒரு வார்த்தை வந்தாலே தூக்கம் போயிடும். அதனால முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்தோம். மெசேஜ், பில், போட்டோ எதையும் அழிக்காதீங்க, செடியை இடம் மாத்தாதீங்க, நடந்ததைத் தேதி போட்டு எழுதுங்க, மிச்சத்தை நான் பேசுறேன்னார். அவர் மூலமா மத்திய மீன் வனவிலங்குத் துறைக்குத் தகவல் போச்சு.

அப்புறம் நடந்தது

ஒரு அதிகாரி வந்தார், மரியாதையாப் பேசினார், ரெண்டு மணி நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டார், பில்லும் போட்டோவும் வாங்கிக்கிட்டார். தம்பி மேல நடவடிக்கை எதுவும் வரல. எல்லாருக்கும் இப்படியே முடியும்னு இதை வச்சு யாரும் எடுத்துக்காதீங்க, வக்கீலைப் பாருங்க. விளம்பரம் கொஞ்ச நாள்ல காணாமப் போச்சு, விக்கிறவரைப் பத்தி எங்களுக்கு அதுக்கு மேல யாரும் சொல்லல, கேக்கிற உரிமையும் இல்ல.

ரெண்டு கிழங்கையும் ஒரு தாவரவியல் பூங்காவுல ஒப்படைக்கச் சொன்னாங்க. அங்க வாங்கிக்கிட்ட அம்மா பல வருஷமா இந்தச் செடிகளோடயே இருக்கிறவங்க. கையுறையைக் கழட்டிட்டு அந்தக் கரிஞ்ச நுனியை ஒரு தடவை கட்டைவிரலால தடவிப் பார்த்தாங்க. எந்தக் கவுன்ட்டின்னாவது, நம்ம மாவட்டம் மாதிரி, தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னோம். அப்ப இது இனிமே எந்த மலைக்கும் திரும்பப் போக முடியாது, பார்க்கிறவங்களுக்குக் காட்டத்தான் ஆகும்னாங்க. கோவமாச் சொல்லல.

ஏப்ரல்ல பிடிச்ச விதையைத் தம்பி டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தார். அதையும் காட்டினோம், கலப்பா இருக்கும்னு அவங்க வாங்கல, வீட்டுல குப்பையில போட்டோம்.

இப்ப மாத்திக்கிட்டது

வாங்கறதுக்கு முன்னாடி கேக்கிறோம். விதையில இருந்தா, தூர் பிரிச்சதா, எந்த வருஷம், தாய்ச்செடி யார்கிட்ட இருந்து வந்துச்சு, இடக்குறிப்பு என்ன. முறையா வளர்க்கிறவங்க இதைக் கேட்டா சந்தோஷப்படுவாங்க, கேக்காத கதையும் சேர்த்துச் சொல்லுவாங்க. பதில் மழுப்பலா வந்தா அங்கேயே விட்டுடறோம். பட்டியல்ல இருக்கிற மூணும்னா விக்கிறவர்கிட்ட மத்திய அனுமதி இருக்கான்னு பார்க்கணும், முறையா வளர்த்தது கிடைக்காம இல்ல, காத்திருக்கணும் அவ்வளவுதான். விதையில இருந்து பெரிய செடியாக எப்படியும் நாலஞ்சு வருஷம் ஆகும், அந்த அவசரத்தைத்தான் தோண்டி விக்கிறவன் காசாக்கிறான்.

புதுச் செடி வந்தா ஒரு முழு வருஷம் தனித் தட்டு, மத்ததோட தண்ணிகூடக் கலக்கக் கூடாது. பழைய இலைக் குப்பையை நறுக்கிப் பையில கட்டிப் போடணும், ஆனா நறுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து உக்காந்து பார்க்கணும்.

வெயில் காலத்துல செடி காஞ்சா முதல் வேலை கிழங்கைத் தொட்டுப் பார்க்கிறது, விரலால மேல் பீட்டை ஒதுக்கிட்டு அமுக்கினாப் போதும், கெட்டியா இருந்தா கவுக்க வேண்டிய அவசியமே இல்ல. தொட்டி மாத்தறது குளிர்காலக் கடைசியில, துளிர் வர்றதுக்கு முன்னாடி. தட்டை இலையை வெட்டக் கூடாது, அது பச்சையா இருக்கிற வரைக்கும் செடிக்கு வேலை செஞ்சுட்டு இருக்கு.

நான் என் பங்குக்கு, நேர்ல பார்க்காம போன்ல வைத்தியம் சொல்றதை நிறுத்திட்டேன். சொல்லித்தான் ஆகணும்னா எல்லா போட்டோவையும் பெருசு பண்ணிப் பார்த்துட்டு, முந்தின மெசேஜையெல்லாம் படிச்சுட்டுத்தான் சொல்றேன். வாசனை இல்லன்னு ஏப்ரல்ல அவர் சொன்னதை நான் படிச்சேன், யோசிக்கல. அன்னிக்கு யோசிச்சிருந்தா ஜூலையில ரெண்டு கிழங்கு கூழாகி இருக்காது.

செடிங்களோட நிலை

ஒண்ணு அடுத்த வசந்தத்துலயே ரெண்டு குடுவை விட்டுச்சு, இன்னொண்ணு அந்த வருஷம் தட்டை இலை மட்டும்தான், மறு வருஷம்தான் குடுவை வந்துச்சு. இந்த ஏப்ரல்ல தம்பி பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். முதல் செடியில ஒரு பூ, அதுக்கு வெள்ளை வலைப்பை கட்டியிருந்தாங்க. பக்கத்துத் தொட்டி லேபிள்ல எல்லாம் கவுன்ட்டி, இடக்குறி எண், எடுத்த வருஷம்னு வரி வரியா பென்சில்ல எழுதியிருந்துச்சு. இது ரெண்டுலயும் இனத்தோட பேர் இருந்துச்சு, இடம்னு போட்டிருந்த வரியில ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாங்க.